நல்லபாம்புக் குட்டையில் இறங்கும் விமானங்கள்

போன மாதம் பாங்காக் பற்றி இரண்டு பக்கம் எழுதினாலும் எழுதினேன், வந்த கடிதங்களில் பாதி சாப்பாட்டைப் பற்றியும் இல்லை, கோவில்களைப் பற்றியும் இல்லை, ஊர்ப்பெயர்களைப் பற்றித்தான். "இது நம்ம பெயர் மாதிரியே இருக்கே" என்ற ஒரே ஆச்சரியம், பல கையெழுத்துகளில். சரி, இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே கொடுத்துவிடுகிறேன்.

பாங்காக் விமான நிலையத்தின் பெயர் சுவர்ணபூமி. டாக்சிக்காரரிடம் அதை எத்தனை முறை சொன்னாலும் விழிக்கிறார். அவர்கள் நாட்டுப் பெயர் அவர்களுக்கே தெரியாதா? (ஈரோடு வாசகர்)

தெரியும். ஆனால் அவர் வாயில் அது "சுவன்னபூம்". தாய்லாந்தின் மொழியான தாய் மொழியின் எழுத்தில் அந்தச் சொல்லைப் பார்த்தீர்களானால் கடைசி இகரம் உட்பட எல்லாமே பத்திரமாக இருக்கும். எழுதுவது வடமொழிப்படி, படிப்பது தங்கள் நாக்குப்படி, அவ்வளவுதான். சொல்லின் கடைசியில் ரகரமோ லகரமோ வந்தால் அவர்களுக்கு அது 'ன்' ஆகிவிடும். ஜகரமும் சகரமும் 'த்' மாதிரி அடைத்துக்கொள்ளும், வகரம் 'ப்' ஆகும். அதனால்தான் நகரம் 'நக்கோன்', தேவன் 'தேப்', ராஜா 'ராத்'. புரி என்பது அப்படியே புரிதான், ஆனால் அந்தப் பகரத்தை 'பம்பரம்' என்பதில் இரண்டாவதாக வரும் ப போலச் சொல்லவேண்டும். சோன் புரி என்று கடற்கரை ஓரம் ஒரு மாகாணம் இருக்கிறது, பட்டாயா அதில்தான் இருக்கிறது. அது என்ன சோன்? ஜலம்! ஜலபுரி. முந்தைய மன்னர் பெயரை நாமெல்லாம் பூமிபோல் என்று எழுதுகிறோம், அவர்கள் சொல்வது பூமிபோன். உள்ளே இருப்பது பூமியும் பலமும்.

அந்த மன்னர்தான் 2000-இல் விமான நிலையத்துக்கு இந்தப் பெயரைக் கொடுத்தார், 2006-இல் திறந்தார்கள். அதற்கு முன்னால் அந்த இடத்துக்கு என்ன பெயர் தெரியுமா? நோங் ஙூ ஹாவ். நோங் என்றால் குட்டை, சதுப்பு. ஙூ ஹாவ் என்றால் நல்லபாம்பு. நல்லபாம்புக் குட்டை! இறங்கப்போகிற பயணிகளிடம் இதைச் சொல்ல முடியுமா, பொன்னிலம் என்று மாற்றிவிட்டார்கள். எனக்கென்னவோ பழைய பெயர்தான் பிடித்திருக்கிறது. அந்த நாட்டின் ஊர்ப்பெயர்களில் பெரும்பாலும் இந்த இரண்டு அடுக்கைப் பார்க்கலாம்: சேற்றில் கால் வைத்தவன் வைத்த பெயர் அடியில், அரண்மனை வைத்த பெயர் மேலே.

பாங்காக் என்றால் என்ன பொருள்? உண்மையான பெயர் வேறு, அது உலகத்திலேயே நீளமானது என்கிறார்களே? (சேலம் வாசகி)

இரண்டும் உண்மையான பெயர்கள்தான், வைத்தவர்கள் வேறு. 'பாங்' என்பது ஆற்றோரத்திலோ வாய்க்கால் ஓரத்திலோ இருக்கும் குடியிருப்பு. நம் துறை, பாக்கம் மாதிரி. பின்பாதிக்கு இரண்டு விளக்கம் சொல்கிறார்கள். ஒன்று, 'கோ' என்றால் தீவு. இன்னொன்று, 'மகோக்' என்ற புளிப்புக் காய் மரம். எனக்கு இரண்டாவதில்தான் சாய்வு, ஏனென்றால் ஆற்றின் அக்கரையில் இருக்கும் புகழ்பெற்ற வாட் அருண் கோவிலின் பழைய பெயரே வாட் மகோக். இலங்கையில் அம்பரெல்லா என்கிற காயை அங்கே மகோக் ஃபராங், அதாவது வெள்ளைக்காரன் மகோக் என்பார்கள்.

ஆக, வெளிநாட்டுக் கப்பல்காரர்கள் காதில் விழுந்தது அந்தப் பழைய கிராமத்துப் பெயர். அதையே பிடித்துக்கொண்டார்கள். 1782-இல் மன்னர் முதலாம் ராமா தலைநகரத்தைக் கிழக்குக் கரைக்குக் கொண்டுவந்தபோது வைத்த பெயர் வேறு. இன்று ஊர்க்காரர்கள் சுருக்கமாக 'குருங் தேப்' என்பார்கள், தேவர் நகரம். குருங் என்பது கம்போடியாவின் கெமர் மொழி வழி வந்த சொல், தேப் நம் தேவன்தான். முழுப்பெயரை மூச்சைப் பிடித்துக்கொண்டு படியுங்கள்:

குருங் தேப் மகாநக்கோன் அமோன் ரத்தனகோசின் மகிந்தர அயுத்தயா மகாதிலோக் போப் நோப்பரத் ராட்சதானி புரிரோம் உதோம்ராட்சநிவேத் மகாசதான் அமோன்பிமான் அவதான்சதித் சக்கதத்திய விட்சனுகாம் பிரசித்.

முதல் தடவை தலை சுற்றும். இரண்டாவது தடவை மெதுவாகப் படித்தால் முகங்கள் தெரிய ஆரம்பிக்கும். அமோன், அமரர். அயுத்தயா, அயோத்தி. நோப்பரத், நவரத்தினம். ராட்சதானி, ராஜதானி. உதோம்ராட்சநிவேத், உத்தமமான ராஜநிவேசம், அதாவது அரண்மனை. பிமான் என்றால் விமானம் (பறக்கிற விமானம் இல்லை, தேவர்களின் மாளிகை). சக்க என்பது பாலி மொழியில் இந்திரன். விட்சனுகாம் நம் விஸ்வகர்மா. இந்திரன் சொல்ல விஸ்வகர்மா கட்டிக்கொடுத்த, நவரத்தினம் நிறைந்த, வெல்ல முடியாத நகரம் என்று போகிறது சங்கதி. ஆங்கில எழுத்தில் 168 எழுத்து, கின்னஸ் புத்தகத்தில் இருக்கிறது. நாலாம் ராமாவான மன்னர் மோங்குட் நடுவில் ஒரு சொல்லை மாற்றினார்: 'போவோன்' என்றிருந்ததை 'அமோன்' ஆக்கினார். இவ்வளவு நீளப் பெயரில் ஒரு சொல் பிடிக்காமல் போய் மாற்றியிருக்கிறார் பாருங்கள், அந்த அக்கறையை என்ன சொல்வது!

2022 பிப்ரவரியில் ஒரு கூத்து நடந்தது. வெளிநாட்டு வழக்கிலும் குருங் தேப் மகாநக்கோன் என்பதையே முதலில் எழுதவேண்டும், பாங்காக்கை அடைப்புக்குறிக்குள் போடவேண்டும் என்று அரசு கிளம்ப, ஊரே கேலி செய்ய, அப்புறம் இரண்டையும் பயன்படுத்தலாம் என்று விளக்கம் கொடுத்தார்கள்.

காஞ்சனபுரி, ராஜபுரி, சிங்கபுரி, நகர ஸ்ரீ தர்மராஜா... இவையெல்லாம் சோழர்கள் வைத்த பெயர்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. பெருமையாக இருந்தது. உண்மைதானே? (தஞ்சாவூர் வாசகர்)

இல்லை, மன்னிக்கவும். காஞ்சனபுரியும் (அவர்கள் சொல்வது காஞ்சனபுரிதான், பொன்னூர்) ராட்சபுரியும் சிங் புரியும் நமக்குப் புரிகின்றன என்பதாலேயே நாம் வைத்த பெயராகிவிடாது. அந்தச் சொற்கள் அங்கே போனது பெரும்பாலும் பௌத்தத்தோடு பாலி வழியாகவும், கெமர் அரசவை வழியாக வடமொழியாகவும். தமிழிலும் அதே வடசொற்கள் புழங்குவதால் நமக்கு முகம் தெரிகிறது, அவ்வளவே. சில நேரம் அந்த முகமே ஏமாற்றும். பிராச்சின் புரி என்று ஒரு மாகாணம். பிராசீனம் என்றதும் பழைய ஊர் என்று நினைத்தேன் நானும். அங்கே அது கிழக்கு. கிழக்கூர். வடமொழியில் அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருளும் உண்டு, நாம் ஒன்றை வைத்துக்கொண்டோம், அவர்கள் மற்றதை.

ஆனால் உங்களை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லை. ராஜேந்திர சோழன் 1025 வாக்கில் அனுப்பிய கடற்படை வென்ற ஊர்களாக அவன் மெய்க்கீர்த்தி சொல்லும் பட்டியலில் மாதமாலிங்கம், இலங்காசோகம், தலைத்தக்கோலம் எல்லாம் வருகின்றன. மாதமாலிங்கம் என்பது தாம்பரலிங்கம், இன்றைய நக்கோன் சீ தம்மராத் பகுதி. நீங்கள் எழுதிய நகர ஸ்ரீ தர்மராஜாதான் அது. இலங்காசோகம் இன்றைய பட்டாணி மாகாணப் பக்கம். தலைத்தக்கோலத்தை மேற்குக் கரையில் இருக்கும் தகுவா பா என்று பலர் கருதுகிறார்கள். கவனியுங்கள், இவை சோழர்கள் வைத்த பெயர்கள் இல்லை, அங்கே ஏற்கெனவே இருந்த பெயர்களைத் தமிழ்க் காதுக்கு ஏற்றபடி எழுதிக்கொண்டவை.

தகுவா பாவில் இன்னொன்றும் கிடைத்தது. 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, சின்னதுதான், உடைந்தும் போயிருக்கிறது. ஒருவர் ஒரு குளம் வெட்டி அதற்கு அவனிநாரணம் என்று பெயர் வைத்து, மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவின் பாதுகாப்பில் விட்டிருக்கிறார். அவனிநாரணன் என்பது பல்லவன் மூன்றாம் நந்திவர்மனின் பட்டப்பெயர். வேற்று நாட்டில் போய் ஒரு குளத்துக்குத் தமிழன் வைத்த பெயர் என்றால் இதைத்தான் காட்டவேண்டும். அந்தக் குளத்துப் பெயர் மக்கள் வாயில் நிலைக்கவில்லை. இன்று தகுவா பா என்றால் தாய் மொழியில் ஈயம், காடு, ஈயக்காடு. தகரச் சுரங்கத்துக்குப் பேர்போன பக்கம் அது. பழைய தக்கோலத்தைத் தங்களுக்குப் புரிகிற சொல்லாக வளைத்துக்கொண்டார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

பாங்காக்கில் சாவோ சிங் சா என்று ஒரு இடம், அதாவது ஊஞ்சல் தூண்கள். சிவப்பு வண்ணத்தில் மாபெரும் ஊஞ்சல் சட்டம் இன்னமும் நிற்கிறது, ஊஞ்சலாட்டத்தை 1935-இல் நிறுத்திவிட்டார்கள். அந்தச் சடங்குக்கு அரசவைப் பிராமணர்கள் வைத்திருக்கும் பெயர் திரியம்பவாய், திரிபவாய். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். திருவெம்பாவை, திருப்பாவை! வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருந்தால் இதை அனுப்புங்கள்.

சியாங் மாய் என்ற பெயருக்கு என்ன அர்த்தம்? (புதுக்கோட்டை வாசகர்)

உங்கள் ஊர்தான். சியாங் என்றால் மதில் சூழ்ந்த ஊர், மாய் என்றால் புதிது. மன்னர் மங்ராய் 1296-இல் கட்டியபோது புதுசு. அதற்கு முன்னால் 1262-இல் அவரே உண்டாக்கிய ஊருக்குத் தன் பெயரின் வாலை வைத்தார், அது சியாங் ராய்.

வாஸ்துவில் ஈசானி மூலை என்கிறோம். தாய்லாந்து உணவகத்தில் 'ஈசான் சாலட்' என்று பார்த்தேன். சம்பந்தம் உண்டா, சும்மா ஒலி ஒற்றுமையா? (கோவை வாசகி)

சம்பந்தம் அப்பட்டமாக இருக்கிறது. ஈசான் என்பது நாட்டின் வடகிழக்குப் பகுதி, 20 மாகாணங்கள். ஈசானம் என்றால் வடகிழக்கு. மற்ற மூலைகளும் உண்டு: சியாங் மாயில் பாயாப் என்று ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது, அது வாயவியம், நம் வாயு மூலை. உதோன் தானி என்ற ஊரில் இருக்கும் உதோன், உத்தரம், வடக்கு. தக்சின் என்றால் தட்சிணம்.

ஆனால் எங்கே நின்று பார்த்தால் அது வடகிழக்கு? பாங்காக்கில் நின்று பார்த்தால். அங்கே வாழ்கிறவர்கள் பெரும்பாலும் லாவோ மொழி பேசுகிறவர்கள். அவர்கள் வீட்டு வாசலில் நின்று பார்த்தால் அது எந்த மூலையும் இல்லை. மண்ணும் வறண்ட மண். அதனால் கிராமப் பெயர்களில் தண்ணீரும் மேடும் ஓயாமல் வரும்: நோங் என்று குட்டை, கோக் என்று மேடு, தோன் என்று திடல். நம் ராமநாதபுரம் பக்கம் ஏந்தல், ஊருணி என்று வருகிற மாதிரிதான்.

அங்கேயே கோன் கேன் என்றொரு பெரிய நகரம். பட்டுப்போன புளியமரத்தின் கட்டை மறுபடி துளிர்த்ததாம், அந்த இடத்தில் கட்டிய சைத்தியத்துக்குக் (பௌத்தத் தூபி) காம் கேன் என்று பெயராம், அதிலிருந்து வந்ததாம் ஊர்ப்பெயர். காம் புளி, கேன் மரத்தின் நடுவில் இறுகிய பகுதி. அதற்குத் தமிழில் கச்சிதமான சொல் இருக்கிறதே: வைரம். புளியமர வைரம்! கதை எப்படியோ, பெயர் அழகு.

பினாங்கிலிருந்து குடும்பத்தோடு ஹாட் யாய் போய்வந்தோம். ஹாட் என்றால் கடற்கரை, யாய் என்றால் பெரிய என்று வழிகாட்டி சொன்னார். கடல் எங்கே என்று என் மகன் கேட்டுக்கொண்டே வந்தான்! (பினாங்கு வாசகர்)

மகன் கேட்டது நியாயம். சொல்லை அப்படியே பிரித்தால் பெருங்கடற்கரைதான், ஆனால் ஊர் உள்நாட்டில் இருக்கிறது. பரவலாகச் சொல்லும் விளக்கம், அது மகாட் யாய் என்பதன் சுருக்கம். மகாட் ஒரு மரம், பலா இனத்தைச் சேர்ந்தது. அங்கே ஒரு பெரிய மகாட் நின்றதாம். பெருமரத்தூர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் மலாய் தெரிந்தவர், ஆகவே தெற்குப் பக்கம் உங்களுக்கு எங்களைவிட நன்றாகப் புரியும். புக்கெட் என்பது உங்கள் புக்கிட் (குன்று) என்றுதான் பெரும்பாலும் சொல்கிறார்கள். சத்தூன் மாகாணம் மலாயில் செதுல், ஒரு பழமரத்தின் பெயர். கோலாலம்பூரில் ரயில்வே தமிழர்கள் வாழ்ந்த செந்தூல் இருக்கிறதே, அதுவும் அதே மரம்தான்.

ரோய் எத் என்ற மாகாணத்தின் பெயர் 'நூற்றொன்று' என்பது உண்மையா? யாராவது ஊருக்கு எண்ணை வைப்பார்களா? (நெல்லை வாசகர்)

எட்டயபுரத்துக்கு அருகில் இருந்துகொண்டு நீங்கள் இதைக் கேட்கலாமா என்று எழுதப்போனேன், அது எட்டு என்ற எண் இல்லை என்று யாராவது சண்டைக்கு வருவார்கள், விட்டுவிடுகிறேன். ஆமாம், ரோய் நூறு, எத் ஒன்று. உள்ளூர்க் கதை என்னவென்றால் ஊருக்கு இருந்தது 11 வாசல்தானாம். பழைய காலத்தில் பதினொன்றைப் பத்து எழுதி, பக்கத்தில் ஒன்று எழுதிக் காட்டுவார்கள். பின்னால் வந்தவர்கள் 10, 1 என்பதைச் சேர்த்து 101 என்று படித்துவிட்டார்களாம். கட்டுக்கதை மாதிரி இருக்கிறதா? நம் பழைய தமிழ் எண்களிலும் பதினொன்று ௰௧ தான், பத்து, பக்கத்தில் ஒன்று. ஆகவே தவறு நடக்கக்கூடிய தவறுதான். இப்போது ஊரார் அதை விடுவதாக இல்லை, 101 மீட்டர் உயரத்துக்கு ஒரு கோபுரமே கட்டிவிட்டார்கள்.

கோ சமூய் தீவுக்குப் படகேற சூரத் தானி போனோம். குஜராத் சூரத்துக்கும் இதற்கும் என்ன உறவு? (சென்னை வாசகி)

பெயர் உறவுதான், அதுவும் பழைய உறவில்லை. 1915-இல் ஆறாம் ராமாவான மன்னர் வஜிராவுத் வைத்த பெயர். தாய் மொழியில் அதற்கு நல்ல மக்களின் நகரம் என்று பொருள் வரும், கூடவே இந்தியாவின் சூரத்தையும் மனதில் வைத்தார். அதோடு நிற்கவில்லை. குஜராத்தின் சூரத் தப்தி ஆற்றங்கரையில் இருக்கிறதல்லவா, ஆகவே இங்கே ஓடும் ஆற்றுக்கும் தாப்பி என்று பெயர் வைத்துவிட்டார்! ஊரை மட்டுமா, ஆற்றையும் சேர்த்து. அதற்கு முன் ஊரார் சொன்னது பான்டோன், திடல் கிராமம். மலாய்க்காரர்கள் நிறைந்த தெற்கில் பாங் நரா என்ற ஊர் நராதிவாத் ஆனதும் அதே 1915-இல், அதே மன்னரால். நர, அதிவாச, பிரித்தால் நமக்கே புரிகிறது. அங்கே வாழ்ந்த மலாய்க்காரர்களுக்குப் புரிந்திருக்குமா என்பதுதான் என் கேள்வி.

பாங்காக்கில் சிலோம் மாரியம்மன் கோவிலுக்குப் போனோம். சிலோம் என்பது சிலோன்தான் என்று உடன் வந்தவர் அடித்துச் சொன்னார். (யாழ்ப்பாணம் வாசகர்)

அடித்துச் சொன்னாலும் அது காற்றாலை. சீ அரைப்பது, லோம் காற்று. கோவில் தமிழர்கள் கட்டியதுதான், 1879-இல். ஊர்க்காரர்களுக்கு அது வாட் கேக். கேக் என்றால் விருந்தாளி, இந்தியர்களையும் முஸ்லிம்களையும் பொதுவாக அப்படிச் சொல்வார்கள். நூற்றைம்பது ஆண்டாகப் போகிறது, இன்னும் விருந்தாளிதான்.

அந்த வட்டாரத்தின் பெயர் பாங் ரக். ரக் என்றால் காதல். பிப்ரவரி 14 வந்தால் திருமணத்தைப் பதிவு செய்ய ஜோடிகள் அந்த வட்டார அலுவலகத்தில்தான் வரிசை கட்டுவார்கள். பெயர் வந்தது காதலால் இல்லை, அங்கே இருந்த ரக் என்ற மரத்தால் என்றும் சொல்கிறார்கள். எருக்கம்பூவுக்கும் தாய் மொழியில் தோக் ரக் என்றுதான் பெயர், கல்யாண மாலையில் கோப்பார்கள். நாம் பிள்ளையாருக்கு.

தாய்லாந்து என்றால் தாய்நாடு என்று பள்ளியில் என் மகள் எழுதிவிட்டு வந்திருக்கிறாள். மதிப்பெண் கிடைக்குமா? (விருதுநகர் வாசகி)

கிடைக்காது, ஆனால் நான் ஆசிரியராக இருந்தால் அரை மதிப்பெண் போடுவேன். தாய் என்பது அந்த மக்களின் பெயர், அவர்கள் சொல்வது 'தை' மாதிரி இருக்கும். 1939 வரை நாட்டின் பெயர் சயாம். பர்மா ரயில்பாதை போட்ட தமிழர்களின் பிள்ளைகள் இன்றும் சயாம் என்றுதான் சொல்வார்கள். அம்மாவைத் தேடுகிறீர்கள் என்றால் ஆற்றுக்குப் போங்கள். ஆற்றுக்கு அவர்கள் மொழியில் மே நாம். மே தாய், நாம் தண்ணீர். பழைய ஐரோப்பியர்கள் வந்து இந்த ஆற்றின் பெயர் என்ன என்று கேட்க, இவர்கள் "மே நாம்", ஆறு என்று சொல்லியிருக்கிறார்கள். அவர்களும் வரைபடத்தில் மேனாம் ஆறு என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். பாங்காக் வழியாக ஓடும் சாவோ பிரயா ஆறு ரொம்ப நாள் வெளிநாட்டு வரைபடங்களில் ஆறு ஆறு என்றே ஓடிக்கொண்டிருந்தது.